பின்விளிம்பு தூக்கிய கிட்டார் பிரிட்ஜ்: இடுக்கில் பசை ஊற்றலாமா, கழற்றி ஒட்ட வேண்டுமா?

கேள்வி இதுதான். பத்து வருடப் பழைய கிளாசிக்கல் கிட்டார். ஸ்ட்ரிங்குகளைக் கட்டியிருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜின் பின்பக்கம், அதாவது ஸ்ட்ரிங் முடிச்சுகள் இருக்கும் பக்கம், மேல்பலகையிலிருந்து லேசாகக் கிளம்பியிருக்கிறது. காகிதம் உள்ளே போகிறது. இடுக்கில் பசையை விட்டு அழுத்தி வைத்தால் போதுமா, கழற்றித்தான் ஆக வேண்டுமா, வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதிலுக்கு முன்னால் ஒரு வேலை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அந்த இடுக்கில் செருகி, எவ்வளவு தூரம் போகிறது என்று காகிதத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் நடுவில், இருபுறமும் நீளும் இரண்டு இறக்கைகளில், முன்பக்கத்தில் என்று நாலைந்து இடங்களில் பாருங்கள். பிறகு ஆறு ஸ்ட்ரிங்கையும் தளர்த்துங்கள். ஒன்றை முழுக்க அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் தொய்ந்த பிறகு அதே இடங்களில் காகிதத்தைத் திரும்பச் செருகிப் பாருங்கள்.

இரண்டு முறையும் ஒரே அளவு, அதுவும் சுற்றிலும் சீராக ஒன்று இரண்டு மி.மீ. மட்டும்தான் போகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் செய்த கிட்டார்கள் பலவற்றில் மேல்பலகை முழுக்க பாலிஷ் அடித்துவிட்டு, பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் மட்டும், விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி, பாலிஷைச் சுரண்டி எடுத்து ஒட்டுவார்கள். ஓரத்தில் பாலிஷ் மேல் பிரிட்ஜ் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த இடுக்கு பிறந்த நாளிலிருந்தே இருப்பது. ஆனால் ஸ்ட்ரிங் இறுகியிருந்தபோது ஆழமாகப் போன காகிதம் தளர்த்திய பிறகு போக மறுக்கிறது என்றால், பிரிட்ஜ் நிஜமாகவே பெயர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் ஸ்ட்ரிங்குகளை மறுபடி ஏற்றாதீர்கள். ஒரு வாசிப்புக்குக்கூட வேண்டாம். தானாகப் பிய்ந்து போகிற பிரிட்ஜ் மேல்பலகையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். நாமே பக்குவமாகக் கழற்றிய பிரிட்ஜை ஒட்டுவது அதைவிடப் பல மடங்கு சுலபம்.

ஏன் எப்போதும் பின்விளிம்பு? இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை முழுக்க தானாகப் புரியும். நைலான் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கின்றன. பிரிட்ஜின் அடிப்பரப்பு ஏறக்குறைய 190 மி.மீ. நீளம், 28 மி.மீ. அகலம், 50 சதுர சென்டிமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. நல்ல மரப்பசைக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனால் ஸ்ட்ரிங்குகள் பலகையை ஒட்டிப் போவதில்லை. பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 10, 11 மி.மீ. உயரத்தில் போகின்றன. அந்த உயரம் நெம்புகோலாக வேலை செய்கிறது. முன்விளிம்பு பலகையை அமுக்குகிறது, பின்விளிம்பு மேலே இழுபடுகிறது. பக்கவாட்டில் இழுத்தால் பசை அசையாமல் தாங்கும். தபால்தலையை மூலையிலிருந்து உரிப்பதுபோல ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. பின்விளிம்பின் கடைசி இரண்டு மூன்று மி.மீ. முழுக்க மரத்தோடு மரமாகப் படிந்திருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சரி, இடுக்கில் பசை ஊற்றும் விஷயம். ஆரம்ப காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். மேல்பலகை சீடர் மரத்தில் செய்த ஒரு கிட்டார். மருந்து ஊசியில் பசையை ஏற்றி, இடுக்கு வழிய வழிய விட்டு, அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக மூடிக்கொண்டது. ஆறு வாரம் கழித்து ராத்திரியில் படீரென்று பெயர்ந்துவிட்டது. பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. முன்பக்க மூன்றில் ஒரு பாகத்தில் மட்டும் சீடர் இழைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. மீதி இடமெல்லாம் கண்ணாடிபோல் பளபளப்பு. பழைய காய்ந்த பசை, அதன் மேல் என் புதுப்பசை. புதுப்பசை மரத்தைத் தொடவே இல்லை. மேல்பலகையில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு சிராய் பெயர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய எடுத்த நேரத்தில் அந்த பிரிட்ஜை ஒழுங்காக இரண்டு முறை கழற்றி ஒட்டியிருக்கலாம். பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும். காய்ந்த பசைமேல் ஊறாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முதலில் ஒட்டியது வச்சிரப் பசை, அதாவது தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கிற பழைய தச்சர் பசை என்றால், சூடான புது வச்சிரம் பழையதைக் கரைத்து அதோடு கலந்துகொள்ளும். இறக்கையின் நுனி மட்டும் புதிதாகக் கிளம்பியிருந்தால் அப்படி ஒட்டிப் பார்க்கலாம். நடுப்பகுதி கிளம்பியிருந்தால் இதுவும் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் உள்ளே ஒரு முறை பாருங்கள். சிறிய கண்ணாடியையும் ஒரு விளக்கையும் மேல்பலகையின் வட்டத் துளையான சவுண்ட்ஹோல் வழியாக விட்டால், பலகையின் அடியில் விசிறிபோல் விரிந்து அதைத் தாங்கும் பிரேஸ் பட்டைகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிட்டார் தச்சர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் செம்மைப்படுத்திய முறை அது. அவர் வழியில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏழு பட்டைகள் வைப்பார்கள். விரல் கணுவால் மேல்பலகையைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். எங்காவது சலசலவென்று கேட்டால் ஒரு பட்டை விட்டிருக்கிறது. அதை ஒட்டிவிட்டுத்தான் பிரிட்ஜுக்கு வர வேண்டும். பட்டை விட்ட பலகை ஸ்ட்ரிங் ஏறியதும் உப்பும். அதன்மேல் என்ன ஒட்டினாலும் நிற்காது. இறக்கைகளில் சின்ன முத்துச்சிப்பிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். சில தொழிற்சாலை கிட்டார்களில் அவற்றுக்கு அடியில் போல்ட் ஒளிந்திருக்கும். உள்ளே நட்டு தெரிந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இனி கழற்றும் வேலை. பெரும்பாலும் கிட்டார் பாழாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலை உருவி எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் சூட்டில் உருகிவிடும். பிரிட்ஜின் ஓரத்தோடு ஓரமாகக் கூர்மையான கத்தியால் பாலிஷில் மட்டும் படும்படி ஒரு கோடு கீறுங்கள். பாலிஷ் பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு வந்தால் செதில் செதிலாகப் பெயரும். இந்தக் கீறல் அதைத் தடுக்கும். கனமான அட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றி, நடுவில் பிரிட்ஜ் அளவுக்குச் சரியாக ஒரு ஜன்னல் வெட்டி, பலகைமேல் போடுங்கள். கையால் பாலிஷ் செய்த நல்ல கிட்டார்களில் இருப்பது அரக்கு. அது சுமார் 75 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகும். பசை இளகும் சூடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் சூடு பிரிட்ஜுக்கு மட்டும் போக வேண்டும், பலகைக்குப் போகக் கூடாது.

சூடேற்ற விளக்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, பிரிட்ஜின் மேல்மட்டத்துக்கு ஏற்ற அலுமினியக் கட்டைமேல் வைக்கலாம். ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரம் அடர்த்தியானது; முடிச்சுப் போடும் கட்டை இருக்கும் இடத்தில் 8, 9 மி.மீ. கனம் இருக்கும். சூடு அடி வரை இறங்கப் பல நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டாதீர்கள்.

கத்தி எப்படி இருக்க வேண்டும்? சுவருக்குப் பட்டி பார்க்கும் பிளேடு மாதிரி மெல்லியதாக, வளையக் கூடியதாக. கூர்மை வேண்டாம். உப்புத்தாளால் முனையையும் மூலைகளையும் உருட்டி, கண்ணாடிபோல் தேய்த்துக்கொள்ளுங்கள். கூரான கத்தி மரத்தை வெட்டிக்கொண்டு போகும். மழுங்கிய மெல்லிய கத்தி பசை இருக்கும் வழியைத் தானே தேடிப் போகும். கத்தியையும் லேசாகச் சூடாக்கி, ஏற்கெனவே விட்டிருக்கும் பின்விளிம்பில் நுழையுங்கள். வச்சிரப் பசை என்றால் கத்தி முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், வழிவிடும்.

இனி சொல்வதை முதல் முறை கழற்றுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டாரின் மேல்பலகை ஒரே பலகை இல்லை. ஒரு பலகையை நடுவில் அறுத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து, நடுவில் ஒட்டியது. மரத்தின் இழைகள் பரப்புக்கு இணையாக ஓடாமல் லேசாகச் சாய்ந்திருந்தால், ஒரு பாதியில் சாய்வு கழுத்துப் பக்கம் மேலேறும், மறு பாதியில் அடிப்பக்கம் மேலேறும். விளக்கை ஒரு பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் தெரிகிறதா? கிட்டாரைத் திருப்பினால் நிறம் இடம் மாறுகிறதா? அப்படியானால் சாய்வு இருக்கிறது. ஒரு பாதியில் பின்னாலிருந்து முன்னால் போகும் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அதே திசையில் மறு பாதியில் போனால் இழைக்கு அடியில் புகுந்து மரத்தைக் கிளப்பும். அந்தப் பாதிக்கு முன்பக்கத்திலிருந்து, சவுண்ட்ஹோல் பக்கமிருந்து வர வேண்டும். கத்தி திடீரென்று கனமாகப் போகிறது, நறநறவென்று சத்தம் கேட்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் போங்கள். நெம்பவே கூடாது. பிரிட்ஜ் தானாகக் கையோடு வர வேண்டும்.

அப்படியும் ஒன்றிரண்டு சிராய்கள் பிரிட்ஜின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். சூடு காட்டி மெதுவாகப் பிரித்து, அது பெயர்ந்த அதே பள்ளத்தில் முதலில் ஒட்டி, காய்ந்த பிறகு மட்டமாக்குங்கள். தானாகப் பிய்ந்து நிறைய மரத்தோடு வந்த பிரிட்ஜ் என்றால் எதையும் தேய்க்காமல் அப்படியே பொருத்திப் பாருங்கள். மேடும் பள்ளமும் புதிர்த் துண்டுகள்போல் கச்சிதமாக உட்கார்ந்தால், அந்த நிலையிலேயே ஒட்டிவிடுவதுதான் சிறந்தது.

பழைய பசையை நீக்க, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பசை இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் சுரண்டுங்கள். மஞ்சள் மரப்பசைக்கு வினிகர் சேர்த்தால் சீக்கிரம் இளகும். பலகையில் உப்புத்தாள் போடாதீர்கள். அது பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் இரண்டரை மி.மீ.க்கும் குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு தேய்ப்பும் அதிலிருந்துதான் போகிறது. பாலிஷ் விளிம்புக்கு உள்ளே தள்ளி நிற்கிறது என்றால், பிரிட்ஜை வைத்து மெல்லிய கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வரை பாலிஷைச் சுரண்டி எடுங்கள். பின்விளிம்புக்கு அந்த இரண்டு மி.மீ. மரம் திரும்பக் கிடைக்கிறது.

அப்புறம் பொருத்தம். மேல்பலகை தட்டையாக இருக்காது, லேசாகக் குவிந்திருக்கும். வருடக்கணக்கில் ஸ்ட்ரிங் இழுத்த கிட்டார் என்றால் பிரிட்ஜுக்குப் பின்னால் இன்னும் உப்பியிருக்கும். ஸ்ட்ரிங் இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, அது இறங்கி வந்த பிறகு உள்ள வடிவத்துக்குத்தான் பிரிட்ஜின் அடியைப் பொருத்த வேண்டும். உப்புத்தாளைப் பலகைமேல், சொரசொரப்பான பக்கம் மேலே பார்க்கும்படி, பிரிட்ஜ் உட்காரும் இடத்திலேயே விரித்து ஒட்டுங்கள். பிரிட்ஜின் அடி முழுக்கப் பென்சிலால் கோடு போடுங்கள். அதை உப்புத்தாள்மேல் வைத்து நீளவாக்கில் சிறு சிறு தேய்ப்பாக நாலைந்து முறை தேய்த்து, திருப்பிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் தொடுகிறது, அழியாத இடம் தொடவில்லை. எல்லாக் கோடுகளும் அழியும்வரை இதுதான் வேலை.

ஆனால் உப்புத்தாளோடு நிறுத்திவிடாதீர்கள். தேய்க்கும்போது கை ஆடும். ஆடினால் விளிம்புகள்தான் முதலில் உருண்டு போகும். எந்தப் பின்விளிம்பைக் காப்பாற்ற இவ்வளவும் செய்கிறோமோ அதுவே தொடாமல் போய்விடும். அதனால் கடைசியாகக் கூரான சுரண்டித் தகட்டால் அடியின் நடுப்பகுதியை மட்டும் ஒரு மயிரிழை குழியாக்குவேன். விளிம்பு நாலும் முதலில் தொடும், கிளாம்ப் போட்டதும் நடுவும் படிந்துவிடும். சரியாகப் பொருந்திய பிரிட்ஜைப் பலகைமேல் வைத்து, பின்னாலிருந்து விளக்கடித்தால் முன்னால் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரக் கூடாது. விரலால் அமுக்காமலே வரக் கூடாது. வெளிச்சம் வருகிற இடுக்கைக் கிளாம்ப் அமுக்கி மூடிவிடும் என்று விட்டுவிட்டால், அந்த மரம் நாள் முழுக்கப் பழைய வடிவத்துக்குத் திரும்ப முட்டிக்கொண்டே இருக்கும்.

ஈட்டி மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கடைசிச் சுரண்டலை ஒட்டும் நாளிலேயே, ஒட்டுவதற்குச் சற்று முன் செய்யுங்கள். புதிதாகச் சுரண்டிய முகத்தில்தான் பசை நன்றாக ஊறும்.

எந்தப் பசை? என் கைக்குப் பிடித்தது வச்சிரம். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துப் பயன்படுத்துவது. காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும், இழுவையில் நழுவாது, இன்னொரு நாள் யாராவது கழற்ற வேண்டி வந்தால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மரியாதையாக விட்டுக்கொடுக்கும். ஆனால் பூசி ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் இறுகியாக வேண்டும், பிரிட்ஜையும் வெதுவெதுப்பாக்கி வைத்திருக்க வேண்டும். முதல் முறை செய்கிறவருக்கு அந்த ஒரு நிமிடம் போதாது. நீங்கள் சாதாரண மஞ்சள் மரப்பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் தண்ணீருக்குத் தாங்கும் வகை வேண்டாம், உள்வேலைக்கான முதல் வகை போதும். எபாக்ஸி, சூப்பர் குளூ, நுரைத்து உப்பும் பாலியூரித்தேன் இவற்றை பிரிட்ஜுக்கு அடியில் கொண்டுவரவே வேண்டாம். பிடிப்பது பெரிய விஷயமில்லை. அடுத்த முறை கழற்றும்போது பலகையின் மரமும் சேர்ந்துதான் வரும். திருகாணி போட்டு இறுக்குவதும் அப்படித்தான். பெயர்கிற பிரிட்ஜுக்குத் திருகாணி போட்டால் பலகை கிழியும்.

பசையைத் திறப்பதற்கு முன் கிளாம்பை உலர்ந்த நிலையில் இரண்டு முறையாவது போட்டுப் பழகுங்கள். சவுண்ட்ஹோல் வழியாக எட்டும் நீண்ட கழுத்துள்ள கிளாம்ப் மூன்று தேவை. உள்ளே பலகைக்கு அடியில் ஒரு கட்டை வைக்க வேண்டும்; அதில் ஒவ்வொரு பிரேஸ் பட்டை வரும் இடத்திலும் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். பள்ளம் இல்லாத கட்டை பட்டைகளை நசுக்கிவிடும். வெளியே, இறக்கைகள் நடுவைவிடத் தாழ்ந்து இருப்பதால் அவற்றுக்குத் தனியாகச் சின்னக் கட்டைகள், அடியில் கார்க் ஒட்டி. ஈரப் பசைமேல் பிரிட்ஜ் வழுக்கும், கிளாம்ப் இறுக இறுக நகரும். இரு பக்கமும் முன்னாலும் சிறு கட்டைகளை டேப்பால் தடுப்பாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரக்குப் பாலிஷ் என்றால் டேப்பைத் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள், பாலிஷோடு வந்துவிடும்.

இடம் பற்றி: பழைய பிரிட்ஜின் தடமே போதும். சந்தேகம் இருந்தால் கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் நட் பட்டையிலிருந்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் 12ஆவதான ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். இப்படி 650 மி.மீ. வரும் கிட்டாரில் சேடில் அதைவிட ஒன்றரை, இரண்டு மி.மீ. பின்னால் தள்ளி இருக்கும். ஸ்ட்ரிங்கை அமுக்கும்போது சுருதி ஏறுவதை ஈடுகட்ட அது வேண்டும்.

பிதுங்கி வரும் பசையைக் குளிர்பான உறிஞ்சு குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, மூலையோடு மூலையாகத் தள்ளி எடுக்கலாம். பிறகு லேசாக ஈரமான துணி. ஆல்கஹால் கிட்டேயே வரக் கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். கிளாம்ப் ஒரு முழு நாள் இருக்கட்டும். உயிரைக் கொடுத்து இறுக்க வேண்டியதில்லை. சுற்றிலும் சின்னச் சின்ன மணிகளாகப் பசை பிதுங்கினால் அழுத்தம் சரி.

ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசைக்கான கிட்டார் என்றால் இரண்டு விஷயம் கூடுதல். பலகையில் விரலால் தட்டுவதற்காக ஒட்டியிருக்கும் கோல்பியதோர் தகடு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வரை வரும். அது சூட்டில் சுருங்கும். உரித்து எடுக்கப் பார்த்தால் பாலிஷையும் இழையையும் சேர்த்து உரிக்கும். அதை அப்படியே விட்டு, அலுமினிய அட்டையால் இன்னும் நன்றாக மூடுங்கள். இரண்டாவது, உயரம். ஃபிளமென்கோவில் ஸ்ட்ரிங் பலகைக்கு மேலே 7, 8 மி.மீ.தான் இருக்கும். கிளாசிக்கலின் 11 மி.மீ.யோடு ஒப்பிட்டால் பின்விளிம்பைத் தூக்கும் நெம்பு விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் அதன் பலகையை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. இரைச்சல் அடிக்கிறதென்று உயரமான சேடில் போட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மெல்லிய பலகைக்கு கிளாசிக்கல் சுமையை ஏற்றுகிறோம். இரும்புக் கம்பி ஸ்ட்ரிங் போடுவது இதைவிட மோசம். சாதாரண செட்டே 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

பிரிட்ஜிலேயே விரிசல் என்றால் பெரும்பாலும் சேடில் பள்ளத்தின் முன்சுவரில் இருக்கும். சேடில் தளர்வாக இருந்தால் முன்னால் சாய்ந்து சுவரைத் தள்ளும். விரிசலுக்குள் நீர்த்த சூப்பர் குளூ விட்டு இறுக்கலாம், இது ஈட்டியோடு ஈட்டி ஒட்டுவது என்பதால் இங்கே மட்டும் பரவாயில்லை. ஆனால் பள்ளத்துக்குக் கச்சிதமான புதுச் சேடில் செய்யாவிட்டால் திரும்ப விரியும்.

கிளாம்ப் கழற்றிய பிறகு இன்னொரு நாள் சும்மா விடுங்கள். அப்புறம் ஸ்ட்ரிங் ஏற்றி, முதல் நாள் ஒரு முழு ஸ்வரம் தாழ்வாகவே வைத்து, மறுநாள் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஸ்ட்ரிங்கை முடிச்சிடும்போது சுற்று ஒன்று அதிகம் போடுங்கள். அந்த வழவழப்பான நைலான் உருவிக்கொண்டால் நுனி சாட்டைபோல் பலகையை அடித்து, பிரிட்ஜுக்குப் பின்னால் குழி விழும். முதல் முறை சுருதி ஏற்றும்போது அந்த இடத்தில் ஒரு தோல் துண்டைப் போட்டு வைப்பேன். ஒரு வாரம் கழித்து, பென்சில் குறி போட்ட அதே காகிதத்தை எடுத்து, அதே இடங்களில் செருகிப் பாருங்கள்.